"உங்க அண்ணன் இறக்கிவிட்ட மூட்டை": கோயம்பேட்டிலிருந்து வந்த நோயும் பழியும்

கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். சுருக்கம் இதுதான்.

அவருடைய அண்ணன் 2014 முதல் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். 2020 ஏப்ரல் 30 இரவு, காய் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரியில் ஏறி ஊருக்கு வந்தார். மே 4 அன்று சுகாதாரத் துறையினர் கையில் பட்டியலோடு வந்து மாதிரி எடுத்தார்கள். 6ஆம் தேதி கொரோனா தொற்று உறுதி என்றார்கள். அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. அழைத்துப் போய் 14 நாள் வைத்திருந்தார்கள். யாரும் போய்வர முடியாதபடி வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அன்று மாலையே அவர் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது.

ஜூன் 24 வாக்கில் எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல். 67 வயது, சர்க்கரை உண்டு, இவர்களுக்குப் பெரியப்பா முறை. "நமக்கும் தகரம் அடிச்சிடுவாங்க" என்று ஐந்து நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஜூலை 2 அன்று இறந்துபோனார். முகம் பார்க்கக்கூட விடவில்லை.

அதன் பிறகு அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. இந்த ஆண்டு திருவிழாவில் பெரியவரின் மகன் எல்லார் முன்னிலையிலும் சொன்னாராம்: "உங்க அண்ணன் இறக்கிவிட்ட மூட்டைதான் எங்கப்பனைக் கொண்டுபோச்சு. கேக்கக்கூட ஒரு நாதி வரல." ஊர்ப் பெரியவர்கள் கூடி, அண்ணன் பொதுவில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கோயிலுக்கு 50,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும், இல்லையென்றால் போலீசில் கொடுப்போம் என்கிறார்கள். உண்மையில் அண்ணனால்தான் அவர் இறந்தாரா, வழக்கு வருமா, விழுந்து கும்பிட்டு முடித்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "நியாயமாப் பார்த்தா டெல்லி மாநாட்டுக்குப் போனவங்கதானே முதல்ல கொண்டுவந்தது? எங்களை மட்டும் ஏன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சமூக மருத்துவம் படித்தவள். 2020இல் வேறொரு மாவட்டத்தில் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடும் வேலையில் இருந்தேன். உங்கள் அண்ணன் பெயர் வந்தது போன்ற பட்டியல்களை நாங்களும் தயாரித்தோம். பெயருக்கு நேரே 'கோயம்பேடு' என்று எழுதி அடிக்கோடு போட்டது இந்தக் கைதான். எங்கள் பட்டியலும் ஒருநாள் வெளியே கசிந்தது. யார் அனுப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் உங்களுக்குப் பதில் எழுதும்போது நான் வெளியாள் போல நின்று பேச முடியாது.

அண்ணன்தான் கொடுத்தாரா?

தேதிகளை மட்டும் பாருங்கள். இந்தக் கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். அதிகபட்சமாக 14 நாள் என்று கணக்கு வைத்திருந்தோம். அண்ணன் ஊரில் நடமாடியது ஏப்ரல் 30 இரவு முதல் மே 6 வரை. பெரியவருக்குக் காய்ச்சல் ஜூன் 24. நடுவில் ஏழு வாரம். அண்ணனிடமிருந்து நேராக அவருக்குப் போயிருக்க வழியில்லை.

இடையில் வேறு யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அப்படிச் சங்கிலியாகப் போயிருக்கலாமே என்று யாராவது கேட்டால், முடியவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி நடந்தது என்று சொல்ல யாரிடமும் சான்று இல்லை. இரண்டு பேரின் கிருமியையும் மரபணு வரிசை பார்த்து ஒப்பிட்டால்தான் கொஞ்சமாவது சொல்லலாம். அன்று கிராமத்து மாதிரிகளுக்கு அதையெல்லாம் யார் செய்தார்கள்?

இன்னொன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எங்களைப் போன்றவர்கள் வீடு வீடாகச் சேர்த்த விவரங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏறத்தாழ 85,000 தொற்றாளர்கள், அவர்களோடு பழகிய 5,75,000 பேர். தொற்றாளர்களில் பத்துக்கு ஏழு பேர், பரிசோதித்த தங்கள் தொடர்புகளில் ஒருவருக்குக்கூட நோயைக் கொடுத்திருக்கவில்லை. வெறும் 8 விழுக்காட்டினரிடமிருந்து 60 விழுக்காடு புதிய தொற்றுகள் போயிருந்தன. உங்கள் வீட்டில் அம்மாவுக்கும் உங்களுக்கும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கூரைக்குள் படுத்தவர்களுக்கே வராதது, ஏழு வாரம் கழித்து எதிர்வீட்டுக்குத் தாவியது என்பது எனக்குப் பொருந்தவில்லை.

அப்புறம், அண்ணனுக்குப் பரிசோதனை நடந்ததால் அவர் பெயர் வெளியே வந்தது. பரிசோதனை நடக்காத எத்தனையோ பேர் பெயர் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே, ஜூனில் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கண்டுபிடித்த ஒரு தொற்றுக்குக் குறைந்தது 80 தொற்றுகள் கண்ணில் படாமலே போயிருந்தன என்று கணக்கிட்டது. ஜூனில் உங்கள் தெருவுக்குச் சென்னையிலிருந்து மூன்று கார்கள் வந்தன, அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. லாரியில் வந்தவரை ஊர் எண்ணி வைத்தது, காரில் வந்தவர்களை எண்ணவில்லை.

மூட்டை தூக்கியவரின் ஏப்ரல்

"அண்ணன் தெரிந்தே மறைத்துக்கொண்டு ஓடிவந்தான்" என்ற பேச்சை நீங்களும் பாதி நம்புகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அந்த ஒரு வாரத்தை நினைவுபடுத்துகிறேன்.

மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாடு மூடப்பட்டது. பேருந்தும் ரயிலும் நின்றன. ஆனால் ஊருக்குச் சோறு வேண்டுமே? கோயம்பேடு திறந்தே இருந்தது. சென்னையின் பழைய சந்தையான கொத்தவால்சாவடியில் நெரிசல் தாங்காமல் 1996இல் கட்டி மாற்றிய சந்தை அது. கொரோனா வந்தபோது அதுவே கொத்தவால்சாவடி ஆகியிருந்தது. நள்ளிரவில் லாரி வரும், விடியும்வரை இறக்குவார்கள், கடை வராந்தாவிலேயே தூங்குவார்கள். ஒரே குழாய், ஒரே கழிப்பறை, ஒரே டீக்கடைத் தம்ளர். இரண்டு மீட்டர் இடைவெளி என்பது அங்கே வேலையையே விடுவதற்குச் சமம். கூலி அன்றாடம், வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடையாது. சந்தையைப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்று ஏப்ரலிலேயே பேச்சு நடந்தது. வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அரசு சொன்னது. அரசு தாமதித்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் மூட்டை தூக்குகிறவர்களை யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

பிறகு ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு: சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு. இடையில் ஒரே ஒரு நாள், 25ஆம் தேதி. நான்கு நாளைக்கான காயை அந்த ஒரு நாளில் வாங்க மொத்தச் சென்னையும் சந்தைக்கு வந்தது. கூட்டத்தைக் கலைக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. அதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. மூடும் முடிவைவிட எப்போது சொல்லி எப்போது மூடுகிறோம் என்பதுதான் பல நேரங்களில் தொற்றைத் தீர்மானிக்கிறது. எங்கள் துறையில் அது கசப்பான பாடம். ஆனாலும் ஜூனில் அதே பாடத்தை மறுபடியும் படித்தோம்: 15ஆம் தேதி அறிவித்து 19 முதல் ஊரடங்கு, நடுவில் சென்னையை விட்டுக் கிளம்பிய வண்டிகள். உங்கள் தெருவுக்கு வந்த மூன்று கார்களும் அந்த நாட்களில் வந்தவைதானா என்று விசாரித்துப் பாருங்கள்.

அண்ணன் கிளம்பியது ஏப்ரல் 30. கோயம்பேட்டை மூடியது மே 5. தொழிலாளர்களைத் தேடி மாவட்டங்களுக்கு நாங்கள் போனதும் மே மாதத்தின் முதல் நாட்களில்தான். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூரில் எண்ணிக்கை ஏறியது அதற்குப் பிறகு. அதாவது அவர் லாரியில் ஏறிய இரவில், 'நீ தொற்று உள்ளவனாக இருக்கலாம், இங்கேயே இரு, சாப்பாடும் இடமும் தருகிறோம்' என்று அவரிடம் சொன்னவர் யாரும் இல்லை. வேலை நின்றுவிடும் என்ற பேச்சு காதில் விழுந்தது, ஊருக்குப் போக இருந்த ஒரே வண்டியில் ஏறினார். பட்டியலோடு வந்தவர்களைக் கண்டு ஒளியவும் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கும் ஒழுங்குக்கும் குறைவில்லாத ஊர். அங்கே நம் தமிழ்ப் பிள்ளைகளும் வங்கதேசத்துப் பிள்ளைகளும் தங்கிய தொழிலாளர் விடுதிகளில் ஓர் அறைக்குப் பத்துப் பேருக்கு மேல். 2020 முடிவதற்குள் விடுதிவாசிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. கிருமிக்கு எது வசதி என்பதை அந்த அறைகள் சொல்லிவிடும்.

டெல்லிக்குப் போனவர்கள்

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். கோபிக்காதீர்கள்.

டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய மத அமைப்பின் கூட்டம் நடந்தது மார்ச் மாதத்தின் நடுவில். மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே, இது மருத்துவ நெருக்கடிநிலை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் தொற்று பரவியது உண்மை. அடைத்த இடத்தில் நெருக்கமாகத் தங்கினால் எந்தக் கூட்டத்திலும் பரவும். ஆனால் அதன் பிறகு பல வாரங்கள் ஒரு சமூகமே நோயின் மறுபெயராக ஆனது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்காமல் போனார்கள். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, கொள்ளைநோய் வரும்போது அரசியல் அரசு பலிகடாவைத் தேடும் என்று எழுதியது.

நீங்கள் கேட்கும் 'எங்களை மட்டும் ஏன்' என்ற கேள்வியை அவர்களும் கேட்டார்கள். ஏப்ரலில் அவர்கள், மே மாதம் கோயம்பேட்டுக்காரர்கள். சென்னையில் நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்ததும் அதே ஏப்ரலில்தான். அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது: கோயம்பேட்டை மூடிய இரண்டாவது நாள், மே 7 அன்று, டாஸ்மாக் கடைகள் திறந்தன. வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, அடுத்த வாரம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, 16ஆம் தேதி மறுபடி திறந்தன. அந்த வரிசையில் நின்றவர்களின் பட்டியல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பட்டியலை யாரும் போடவே இல்லை. பழி எப்போதும் பட்டியல் இருக்கிற பக்கம்தான் ஓடும்.

ஆகவே அந்தப் பெரியவரின் மகனிடம் 'டெல்லிக்காரர்கள்தான்' என்று மட்டும் வாதிடாதீர்கள். உங்கள் மேல் விழுந்த அதே கோலை எடுத்து இன்னொருவர் மேல் போடுவதாகிவிடும்.

வழக்கு, தண்டம், அரசுப் பணம்

சட்டம் என் துறை இல்லை; வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தொற்றுநோயைப் பரப்புவது பற்றி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தவை 269, 270 ஆகிய பிரிவுகள். முன்னதற்கு அதிகபட்சம் ஆறு மாதம், பின்னதற்கு இரண்டு ஆண்டு. இரண்டிலும், பரவும் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ செய்திருக்க வேண்டும். அறிகுறியே இல்லாத, யாரும் எச்சரிக்காத ஒருவர் மேல் அது நிற்காது. இவ்வளவு சிறிய தண்டனை உள்ள குற்றங்களுக்கு நீதிமன்றம் வழக்கை எடுப்பதற்குக் காலவரம்பும் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அதுவும் கடந்துவிட்டது. ஊரடங்கை மீறியதற்கான வழக்குகளைப் பொறுத்தவரை, வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை தவிர்த்து ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசே அறிவித்தது. போலீஸ் பயம் வேண்டாம்.

தண்டம் கட்டவே கட்டாதீர்கள். கோயில் பெயரைச் சொன்னாலும் அது கட்டப் பஞ்சாயத்துதான். கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சொல்லியிருக்கிறது. பணம் கட்டினால் விஷயம் முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்ட குடும்பம் என்று அடுத்த தலைமுறைக்கும் எழுதிவைத்தது போலாகும். மிரட்டல் தொடர்ந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். ஆனால் போலீஸ் புகாரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஒரே தெரு, முறை உள்ள வீடு. ஸ்டேஷன் வாசலில் ஒருமுறை எதிரெதிரே நின்றுவிட்டால் திரும்பி வருவது கடினம்.

கோவிட் இறப்புக்கு அரசு தந்த 50,000 ரூபாய் நிவாரணம் பெரியவரின் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றில் மாரடைப்பு என்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்திருந்தால் கோவிட் இறப்பாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. விண்ணப்பிக்கும் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. மிகுந்த கஷ்டத்தால் தாமதமானவர்கள் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இத்தனை ஆண்டு கழித்துக் கிடைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குப் போவது

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு வரி உறைத்தது. "கேக்கக்கூட ஒரு நாதி வரல." அந்த மகன் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூட்டையைப் பற்றிய பேச்சு இல்லை, இதுதான்.

நம் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட இழவுக்கு வந்து வாசலில் நிற்பான். 2020 ஜூலையில் அவர் அப்பாவுக்கு அதுவும் இல்லை. குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை, தோள் கொடுக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து நீங்களும் போகவில்லை. போனால் துரத்துவார்கள் என்று பயந்தீர்கள். அது நியாயமான பயம்தான். ஆனால் அதற்குப் பிறகும் போகவில்லை. வருஷத் திதிக்கும் போகவில்லை. அவர் கணக்கில் அது இன்னும் கேட்கப்படாத இழவு.

இன்னொன்று. ஐந்து நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, பெரியவர் உயிரை எடுத்ததில் கிருமிக்கு அடுத்த இடம் அந்த ஐந்து நாளுக்குத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வாசலில் அடித்த தகரத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள். நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது அது. வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது, உரிய அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டாலன்றி. உங்கள் எதிர்வீட்டுக்கு அது ஐந்து மாதம் தாமதம். தயவுசெய்து இந்த ஐந்து நாள் விஷயத்தை அந்த மகனிடம் வாதத்துக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அண்ணன் மேல் இத்தனை கோபம் அங்கிருந்தும் வரலாம்.

ஆகவே பொதுவில் விழுவது வேண்டாம். செய்யாததற்கு மன்னிப்பும் வேண்டாம். துக்கம் கேட்கப் போங்கள். திருவிழா நேரத்தில் இல்லை. ஜூலையில் திதி வரும்போதோ, அதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளிலோ. அம்மாவும் அண்ணனும் நீங்களும் மட்டும். பெரியவர்களை, சாட்சிகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஆராய்ச்சி முடிவுகளையும் நான் எழுதிய தேதிக் கணக்கையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். அவை உங்கள் அண்ணனுக்காக எழுதியவை. பெரியப்பாவைப் பற்றி அண்ணனுக்கு என்ன நினைவிருக்கிறதோ அதைச் சொல்லட்டும்.

அண்ணன் வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். தூக்கம் இல்லை, குடி கூடிவிட்டது என்று எழுதியிருப்பதுதான் எனக்கு இந்தக் கடிதத்திலேயே அதிகக் கவலை தந்த இடம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. திருப்பூர் அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். முதலில் அது. அதன் பிறகு ஊர். தேவைப்பட்டால் இந்த முறை நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள்.

போகிற அன்று அவர் கத்தலாம். கத்தட்டும், பதில் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். உள்ளேயிருந்து யாராவது காப்பி கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிட்டு வாருங்கள்.